ஒழுங்கைக்குள் ஒரு சமையலறை

மெக்சிக்கோ உணவு என்றதும் துரித உணவுக் கடைகளில் விற்கும் மொறுமொறுப்பான டாக்கோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த வடிவம் பரவியது ஐக்கிய அமெரிக்காவில். மெக்சிக்கோ மக்கள் தம் வீடுகளில் உண்ணும் உணவைச் சுவைக்க வேண்டுமானால், பெரிய வீதியை விட்டு ஒழுங்கைக்குள் இறங்க வேண்டும். அங்கே ஒரு வீட்டின் முன்னறையில் நான்கைந்து மேசைகள் போடப்பட்டிருக்கும். பல இடங்களில் பெயர்ப்பலகைகூட இராது. அன்றைய சமையல் என்னவென்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருப்பார்கள்.

இத்தகைய கடைகளை அங்கே 'கொசினா எக்கொனோமிக்கா', அதாவது சிக்கனச் சமையலறை என்பார்கள். முதலில் சூப், பிறகு சோறு, அதன்பின் ஒரு கறி, அவித்த அவரை, சோள ரொட்டி, பழச்சாறு கலந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரே விலை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அடுப்பு அணைந்துவிடும். இவற்றைப் பெரும்பாலும் நடத்துவோர் பெண்கள். சமைப்பவரின் சொந்த ஊர் எதுவோ, அந்த ஊரின் சுவைதான் தட்டில் வரும். யுகத்தான் பகுதிப் பெண் என்றால், புளித்தோடம்பழச் சாற்றில் ஊறவைத்து வாழையிலையில் பொதிந்து வேகவைத்த பன்றியிறைச்சி. வஹாக்கா மாநிலத்துப் பெண் என்றால் கறுப்பு மோலே.

மோலே என்பது அரைத்துக் கூட்டிய குழம்பு. செத்தல் மிளகாயைக் கறுக்கும்வரை வறுத்து, எள், வாதுமை, தக்காளி, கொக்கோ என இருபதுக்கும் மேற்பட்ட பொருட்களைச் சேர்த்து அரைப்பார்கள். கலியாண வீட்டிலும், நவம்பர் மாதத்தில் இறந்தோரை நினைந்து படையல் வைக்கும் நாட்களிலும் இது கட்டாயம் இருக்கும். நம் கறிக்கு உறைப்புத் தரும் மிளகாய் பிறந்த மண் அதுவே. போர்த்துக்கேயர் காலத்தில்தான் அது நம் பக்கம் வந்தது. பதிலுக்கு, அவர்களின் கொக்கோப் பானத்துக்கு வாசம் தருவது நமது கறுவா. இலங்கைக் கறுவாவைப் பெருமளவில் வாங்கும் நாடுகளுள் மெக்சிக்கோவும் ஒன்று.

சுண்ணாம்பு செய்யும் வேலை

மெக்சிக்கோ பெண்கள் சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கரைத்த நீரில் அவித்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் தோல் கழலக் கழுவி, அதன் பிறகே அரைக்கிறார்கள். அந்த மாவைத் தட்டி மண் ஓட்டில் சுட்டால் 'தொர்த்தியா' என்னும் ரொட்டி. இலையில் பொதிந்து அவித்தால் 'தமால்'.

சோளத்தில் உள்ள பி3 விற்றமின் இறுகப் பிணைந்திருக்கும். சுண்ணாம்பு அதை விடுவித்து உடலில் சேரச் செய்கிறது. இந்த முறையை அறியாமல் சோளத்தை மட்டும் கொண்டுபோய் உண்ட ஐரோப்பிய ஏழைகளை 'பெலாக்ரா' என்ற நோய் பிடித்தது. தோல் வெடித்து, வயிறு கழன்று, புத்தியும் பேதலிக்கும் நோய் அது. விஞ்ஞானம் இருபதாம் நூற்றாண்டில் விளக்கியதை, மெக்சிக்கோ கிராமத்து அடுப்படி பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்தது.

அம்மியிலிருந்து ஆலைக்கு

இந்தக் கைமணத்தின் பின்னால் கடும் உழைப்பு உண்டு. முழங்காலில் இருந்து கல்லில் மாவரைப்பதிலேயே ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து மணித்தியாலங்கள் போய்விடும். மாவரைக்கும் ஆலைகள் வந்தபோது "பெண்கள் சோம்பிப் போவார்கள்" என்று தடுத்த ஆண்களும் இருந்தனர். 1934 முதல் 1940 வரை ஜனாதிபதியாக இருந்த லாசரோ கார்தெனாஸ் காலத்தில் கிராமத்துப் பெண்கள் சங்கங்களாகத் திரண்டு தமக்கென ஆலைகளைக் கேட்டுப் பெற்றனர். மிச்சப்பட்ட நேரம் அவர்களுக்கு வருமானத்துக்கும் பிற வேலைகளுக்கும் வழிவிட்டது.

1994இல் வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், ஐக்கிய அமெரிக்காவின் மலிவான சோளம் பெருமளவில் வந்து இறங்கியது. சிறு விவசாயிகள் நொடிந்தனர். பல கிராமங்களில் ஆண்கள் எல்லை கடந்து வேலை தேடிச் சென்றனர். வீட்டையும் பிள்ளைகளையும் தாங்கிய பெண்கள் பலருக்குக் கைகொடுத்தது சமையலே.

வஹாக்காவின் தியோத்தித்லான் கிராமம் கம்பளி நெசவுக்குப் பேர்போனது. அங்கே சபோட்டெக் இனத்தவரான அபிகேல் மெந்தோசா தம் சகோதரிகளுடன் 1990இல் ஓர் உணவகம் தொடங்கினார். தாயிடம் கற்றதையே, கல்லில் அரைத்தே சமைத்தார். அந்தச் சிறு கிராமத்தைத் தேடி உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினர். 2010இல் யுனெஸ்கோ, மிச்சோவக்கான் மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மெக்சிக்கோவின் பாரம்பரியச் சமையலை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

பட்டியலில் பெயர் ஏறியதால் மட்டும் எல்லாப் பெண்களின் பையும் நிறைந்துவிடவில்லை. கிராமத்துப் பெண்ணின் சமையலைப் பெருநகர உணவகங்கள் அதிக விலைக்கு விற்பதும் நடக்கிறது. ஆகவே கைப்பக்குவத்தோடு கணக்கும் கைவசம் இருக்க வேண்டும். மாவுக்கும் விறகுக்கும் போடும் விலையோடு, விடியற்காலை எழும்பிச் செய்த வேலைக்கும் ஒரு கூலியைப் போட்டுத்தான் சாப்பாட்டின் விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

சகோதரிகளே, இடம்பெயரும்போது பெட்டியில் எடுத்துச் செல்ல முடியாதவை பல. சமையல் அப்படியல்ல. ஊரைவிட்டு நகருக்கு வந்த மெக்சிக்கோ பெண்கள் அதை நம்பித்தான் ஒழுங்கைக்குள் அடுப்பை மூட்டினார்கள். உங்கள் அம்மம்மாவின் கைப்பக்குவம் ஏதேனும் உங்களிடம் இருந்தால், அதை அளவோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். விற்க நேர்ந்தால், உங்கள் உழைப்புக்கும் சேர்த்தே விலை சொல்லுங்கள்.