ஏழாம் நாற்காலியில் யார்?

சித்திரை பிறந்துவிட்டால் ஏர்பேட்டில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவிலுள்ள இந்த ஊரில்தான் 2015இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடியும் ஐசரும் இருக்கின்றன. அங்கே ஒரு விடுதி அறையில், நாள் முழுக்கச் சார்ஜரில் செருகியபடியே இருக்கும் மடிக்கணினியை நினைத்துப் பாருங்கள். முழுக்க நிரம்பிய லித்தியம் அயனி பேட்டரி சூட்டில் கிடந்தால், உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமெடுக்கும். சீக்கிரமே கொள்ளளவு குறையும்.

லினக்ஸில் இதைத் தவிர்க்கப் பலரும் நிறுவிக்கொள்வது டிஎல்பி என்ற கட்டற்ற மென்பொருள். தாமஸ் கோக் என்பவர் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருவது. வன்பொருள் இடம்கொடுத்தால், 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஏற்று, 80 ஆனதும் நிறுத்து என்று அதனிடம் சொல்லிவைக்கலாம். பிராசஸரின் வேகம், வைஃபை, யுஎஸ்பி என்று பலவற்றையும் அது அடக்கி ஆளும். இவற்றைத் தொட ‘ரூட்’ அதிகாரம் வேண்டும். அதாவது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த வேலையாளின் இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து முழுவதும் தொங்குகிறது.

டிஎல்பியின் 1.9.0 பதிப்பில் புதிதாக ஒரு பின்னணிச் சேவை சேர்ந்தது. திரையிலிருந்தே ‘சிக்கனம்’, ‘வேகம்’ என்று மாற்றிக்கொள்ளும் வசதி அது. சாதாரணப் பயனரின் கோரிக்கையை ரூட் அதிகாரமுள்ள நிரல் காதுகொடுத்துக் கேட்கும் இடம் என்பதால், ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் தொகுப்பில் சேர்க்குமுன் சூசே நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு அதைப் பரிசோதித்தது. ஓட்டை அகப்பட்டது.

கோரிக்கை வந்ததும் சேவை, ‘போல்கிட்’ என்ற வாயிற்காவலரிடம் அனுமதி கேட்கிறது. கேட்டவரை அடையாளம் காட்டச் சேவை கொடுத்தது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் வரிசை எண்ணை மட்டும். ஓர் அலுவலகத்தில் ஏழாம் நாற்காலியில் இருப்பவர் மனு கொடுக்கிறார். காவலர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் எழுந்துகொள்ள, அதே நாற்காலியில் மேலதிகாரி வந்து உட்கார்ந்துவிடுகிறார். காவலர் கண்ணில் படுவது அதிகாரி, மனு செல்லுபடியாகிறது. கணினியில் இந்த இடமாற்றத்தை வேண்டுமென்றே செய்யலாம்: கோரிக்கையை அனுப்பிய கணமே, ரூட் அதிகாரத்தில் ஓடும் வேறொரு நிரலாகத் தன்னை மாற்றிக்கொண்டால் போதும், வரிசை எண் மாறாது. திருமலையில் டோக்கன் எண்ணோடு ஆதாரையும் சரிபார்ப்பது இதற்காகத்தானே!

எனக்கு வருத்தம் தருவது, இது பழைய கதை என்பதுதான். எண்ணை மட்டும் நம்பும் இந்த முறை ஆபத்தானது என்பது 2013லேயே தெரிந்துவிட்டது. கட்டற்ற மென்பொருளை எழுதுவோர் சிலரே, எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படிப்பது அதைவிட அரிது. அதனால் அதே ஓட்டை வேறு வீட்டில் மறுபடி விழுகிறது.

டிஎல்பியில் சேதத்துக்கு எல்லை இருந்தது. அதே கணினியில் இருக்கும் ஒருவர் அனுமதியின்றி மின்சார அமைப்பை மாற்றலாம், பெரும்பாலும் அவ்வளவே. 2024 நவம்பரில் ‘டியூன்ட்’ என்ற இன்னொரு மின்மேலாண்மை நிரலில் கண்டது அப்படியல்ல. உள்நுழைந்த சாதாரணப் பயனர் தான் எழுதிய நிரலையே ரூட் அதிகாரத்தில் ஓடவைக்க முடிந்தது. ஆய்வகத்தில் பத்துப் பேர் மாறி மாறி உட்காரும் கணினியில் இது எத்தனை பெரிய வாசல்!

டிஎல்பியின் ஓட்டை 1.9.1 பதிப்பில் அடைபட்டது. 2026 ஜனவரியில் விவரங்கள் வெளியாயின. உங்கள் கணினியில் 1.9.0 இருந்தால் இன்றே புதுப்பியுங்கள். டெபியன் 13 என்ற லினக்ஸ் தொகுப்பில் இருப்பது 1.8. அதில் அந்தப் புதிய சேவையே கிடையாது, ஆகவே அந்த ஓட்டையும் இல்லை. பேட்டரியை எண்பதில் நிறுத்த அந்தப் பதிப்பே போதும்.