பீல் போடும் முன் சுவரைப் பாருங்கள்

கல்யாணத்துக்கு முன்னால் முகத்துக்கு கெமிக்கல் பீல் போட்டுக்கொள்ளலாமா என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதுபவன். தோலைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து வைத்ததில் இதற்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

தோலின் வெளி விளிம்புக்கு ஸ்ட்ராட்டம் கார்னியம் என்று பெயர். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் சுமார் 10 முதல் 20 மைக்ரான் கனம்தான். தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது. செத்த செல்தானே என்று தேய்த்து எடுக்கிறோம். ஆனால் உடம்புத் தண்ணீர் ஆவியாகாமல் காப்பதும், கண்டது உள்ளே போகாமல் தடுப்பதும் பெரும்பாலும் இதுதான். அமெரிக்கத் தோல் ஆராய்ச்சியாளர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார். செல்கள் செங்கல், நடுவில் உள்ள கொழுப்பு சாந்து. சாந்தில் ஏறக்குறைய பாதி செராமைடு. மீதியில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும்.

கிளைகோலிக் ஆசிட் பீல் என்ன செய்கிறது? செங்கல்களின் பிடிப்பைத் தளர்த்தி மேல் வரிசைகளை உரிக்கிறது. எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம் என்ற கணக்கெல்லாம் சுவர் முழுசாக இருக்கிறது என்று நம்பிப் போடுவது. விரிசல் விட்ட சுவரில் அதே ஆசிட், அதே நிமிடம் இன்னும் ஆழமாக இறங்கும். நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலில் அழற்சி வந்தால் மெலனின் கூடி, கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கலாம். முகம் தெளியணும் என்று போய் இதை வாங்கிக்கொண்டு வருவதா?

விரிசலுக்குக் காரணம் அடிக்கடி ஸ்க்ரப், ரெட்டினால், சமீபத்தில் செய்த வாக்சிங். எல்லாவற்றையும்விட மோசம், சிவப்பழகுக்கென்று மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம். அது தோலை மெலிய வைக்கும், சாந்து உற்பத்தியையும் குறைக்கும். 'சும்மா க்ரீம்தானே' என்று பலர் இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை.

சாதாரண மாய்ஸ்சரைசர் பட்டாலே எரிகிறதா? கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிறதா? அப்படியென்றால் பீலைத் தள்ளிப் போடுங்கள். இளம் வயதில் சின்ன விரிசல் சில நாளில் தானே அடைபடும், வயதானால் மெதுவாகத்தான். ஸ்டீராய்டு பாதிப்பு தேற மாதங்கள் ஆகலாம். அந்தக் க்ரீமை நீங்களாகச் சட்டென்று நிறுத்தினாலும் முகம் சிவந்து பொங்கும்.

அதனால் பார்லருக்குப் போவதற்கு முன் தோல் டாக்டரிடம் போங்கள். வீட்டில் இருக்கும் ட்யூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.