குடியை விட்ட பிறகு எடை ஏறுவது ஏன்? இனிப்பு மேல் ஆசை வருவது ஏன்?

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 38. நிபோங் திபால் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். பத்து வருஷமாக வேலை முடிந்ததும் தினமும் நாலு கேன் பியர். போன தீபாவளிக்குப் பிறகு விட்டுவிட்டார். மூன்று மாதம் ஆச்சு. இப்போது சிலுவார் இடுப்பில் ஏறவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் குளிர்பெட்டியைத் திறந்து கேசரி இருக்கிறதா என்று தேடுகிறார். கூட்டாளி ஒருவன், "என்னடா, குடிச்சப்பவே நல்லா இருந்தே" என்கிறான்.

அந்த ஒரு வரிதான் ஆபத்தானது. விளையாட்டாகச் சொன்னாலும், திரும்பக் குடிக்க ஒரு சாக்கு அதில் இருக்கிறது. அதனால் இந்த எடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கணக்குப்படி எடை குறைய வேண்டாமா?

ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. சீனியில் 4, கொழுப்பில் 9. 5 விழுக்காட்டுப் பியர் 320 மில்லி கேன் ஒன்றில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கும். மற்ற சத்தும் சேர்ந்து 130, 140 கலோரி வரும். நாலு கேனை நிறுத்தினால் ஒரு நாளைக்கு 500 கலோரிக்கு மேல் மிச்சம். சிலருக்கு நிஜமாகவே எடை குறையவும் செய்கிறது.

ஆனால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. டின் பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் ஒரு கிளாஸ், கடைக்காரரின் கையைப் பொறுத்து, 150 முதல் 200 கலோரி. ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300. சாயங்காலம் இரண்டு தே, ராத்திரி ஒரு ரொட்டி என்றாலே பழைய கணக்கைத் தாண்டியாச்சு.

அதிகமாகக் குடித்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நியூயார்க்கில் மதுவும் கல்லீரலும் பற்றி ஆய்வு செய்த சார்லஸ் லீபர், 1970களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார். சாப்பாட்டில் இருந்த மாவுச்சத்தை எடுத்துவிட்டு, அதே அளவு கலோரிக்கு ஆல்கஹாலைக் கொடுத்தார். கலோரி மாறவில்லை, எடை மட்டும் குறைந்தது. தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரல், மதுவை எரிக்க வேறொரு வழியைத் திறந்துகொள்கிறது. அந்த வழியில் கலோரியில் ஒரு பகுதி உடம்புக்குப் பயன்படாமல் வெப்பமாகப் போய்விடுகிறது.

கடுமையாகக் குடிப்பவர்களில் பலர் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை. வயிற்றுப் புண், குமட்டல், பசியின்மை எல்லாம் சேர்ந்து, சோற்றுத் தட்டு அப்படியே கிடக்கும். குடி நின்றதும் வயிறு ஆறுகிறது, நாக்குக்கு ருசி திரும்புகிறது, சாப்பிட்டது உடம்பில் சேர்கிறது. அப்படிப்பட்டவருக்கு முதலில் ஏறும் சில கிலோ, உடம்பு இழந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

சரி, ஏன் குறிப்பாக இனிப்பு?

மது மூளையில் டோபமினைக் கூட்டுகிறது. உடம்பு தானே சுரக்கும் ஓபியாய்டுகளையும் தூண்டுகிறது. நமக்கு 'நல்லா இருக்கு' என்று தோன்றவைப்பது இவைதான். இனிப்பும் அதே கதவைத் தட்டுகிறது, கொஞ்சம் மெதுவாக. பல வருஷம் சத்தமாகத் தட்டிய கை நின்றுபோனதும், மூளை அந்தச் சின்னத் தட்டலையாவது தேடுகிறது. மதுப் பழக்கத்துக்கு ஆளானவர்களில் நிறையப் பேர் மற்றவர்களைவிட அதிக இனிப்பான கரைசலை விரும்புவதை 1990களில் அலெக்சி கம்போவ்-பொலெவோய் குழுவினரின் சோதனைகள் காட்டின.

இரத்தச் சீனியும் இதில் சேர்ந்துகொள்கிறது. குடித்திருக்கும்போது கல்லீரல் புதிதாகச் சீனி தயாரிப்பது தடைபடும். சாப்பிடாமல் குடித்தால் சீனி இறங்கி நடுக்கம், வியர்வை, எரிச்சல் வரும். இப்படியே பழகியவருக்கு, குடியை விட்ட பிறகு வரும் சாதாரணப் பசிகூட 'ஒரு கிளாஸ் போட்டால் தேவலை' என்றுதான் தோன்றும். வந்தது பசி; உடம்புக்கு அதன் பெயர் மறந்துபோயிருக்கிறது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தினருக்கு இது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. 1939இல் வெளியான அவர்களின் அடிப்படை நூலில், இனிப்பு உதவக்கூடும், சாக்லேட்டைக் கைவசம் வைத்திருக்கலாம் என்று ஒரு மருத்துவர் கூறிய யோசனை இருக்கிறது. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் மறுபடி குடிக்க இழுக்கும் என்று அவர்கள் சொல்லும் பட்டியலில் பசிதான் முதலில் வருகிறது.

அந்த சாயங்கால நேரம்

உடம்புக் காரணத்தோடு விஷயம் முடியவில்லை. வேலை முடிந்து குளித்துவிட்டு, ஆறு மணிக்கு மேல் ஆண்கள் எங்கே போவார்கள்? ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களில் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது: கள்ளுக்கடை. தோட்டத்துக்குள்ளேயே, சம்பளம் வாங்கிய கைக்கு எட்டும் தூரத்தில். 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் அந்தக் கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது இதனால்தான். கள்ளுக்குப் பிறகு மலிவு விலைச் சம்சு வந்தது. அதை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது.

குடியை விட்டவருக்கு அந்த இரண்டு மணி நேரம் வெறுமையாக நிற்கிறது. மாமாக் கடை அதை நிரப்புகிறது. கூட்டாளிகள் அங்கே இருக்கிறார்கள், டிவியில் பந்து ஓடுகிறது, கையில் ஒரு கிளாஸ் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அது கள்ளுக்கடையைவிட ஆயிரம் மடங்கு நல்ல இடம். பிரச்சினை கிளாஸில் இருப்பதுதான்.

இந்த ஊருக்குச் சீனி புதிதல்ல. ரப்பருக்கு முன்னால், 19ஆம் நூற்றாண்டில், தெற்கு செபராங் பிறை முழுக்கக் கரும்புதான். நம்மவர்களில் பலரின் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியது அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு.

நமக்கு ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

1939இல் அமெரிக்காவில் சொன்ன சாக்லேட் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. 2019 ஜூலையில் வந்த சீனி வரியும் தொழிற்சாலையில் அடைத்த பானங்களுக்குத்தான். கடையில் ஆற்றும் தேவுக்கு இல்லை.

ஏற்கெனவே இன்சுலினோ சீனி மாத்திரையோ எடுப்பவர் குடியை நிறுத்தினால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். மது தன் பங்குக்கு இரத்தச் சீனியைக் குழப்பிக்கொண்டிருந்தது. அது போனதும் மருந்தின் அளவை மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லாத் தொப்பையும் கொழுப்பு இல்லை. வயிறு மட்டும் சில வாரங்களில் உப்பி இறுகுகிறது, கால் வீங்குகிறது, கண் மஞ்சளாகிறது, கை கால் மெலிகிறது என்றால், அது கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் சேர்வதாக இருக்கலாம். "குடியை விட்டதால் சதை போட்டுவிட்டார்" என்று வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டே நாளைக் கடத்தக்கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்போ என்ன சாப்பிடுவது?

முதல் சில மாதங்களில் குடிக்காமல் இருப்பதுதான் வேலை. அதே சமயத்தில் பட்டினி டயட்டில் இறங்குவது, என் பார்வையில், இரண்டு சண்டையை ஒரே நாளில் இழுப்பது மாதிரி. மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஆசை அதிகமாக வருவது சாயங்காலம் ஆறு மணிக்கு என்றால், ஐந்தரைக்கே ஏதாவது வயிற்றில் இருக்க வேண்டும்: அவித்த முட்டை, சுண்டல், கச்சான், ஒரு பழம். புரதம் இருந்தால் பசி தள்ளிப்போகும்.

மாமாக் கடைக்குப் போவதை நிறுத்த வேண்டாம். ஆர்டரை மாற்றினால் போதும். முதல் மாதம் "குராங் மானிஸ்", அப்புறம் "தே ஓ கோசோங்". ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவினால் பெரும்பாலும் நிலைக்காது.

நிறையக் குடித்தவர்களுக்கு பி1 வைட்டமின் குறைவு சகஜம். கவனிக்காவிட்டால் மூளையையே பாதிக்கும். அதை மாத்திரையாகவோ ஊசியாகவோ டாக்டர் தருவார். அதே வைட்டமினுக்கு மலாயாவில் ஒரு பழைய கதை உண்டு. நூறு வருஷத்துக்கு முன் தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களை பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களிடம் அது அரிதாக இருந்ததை பிராடன் என்ற டாக்டர் கவனித்து எழுதினார். பாட்டி வீட்டுப் புழுங்கல் சோற்றைக் கேலி செய்தவர்கள் கவனிக்க.

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே விடலாம் என்று நினைப்பவருக்கு ஒரு வார்த்தை: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். நிபோங் திபால்காரர்களுக்கு சுங்கை பாக்காப் மருத்துவமனையும் பக்கம்தான். போகும்போது இடுப்பளவையும் இரத்தச் சீனியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 வரை இடுப்பளவு சரி. மனசு தடுமாறும் ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால், சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555.