பின்முடி நிறையும் ஊர்!

பொழுது புலர்ந்து ஒரு நாழிகைகூட ஆகியிராது. குச்சனூர்ச் சாலையில் "சாமியே சரணம் ஐயப்பா!" என்ற குரல் கேட்கிறது. கறுப்பும் நீலமும் காவியும் உடுத்த பத்துப் பதினைந்து பேர், வெறுங்காலுடன், தலையில் இருமுடியுடன் மார்க்கையன்கோட்டைக்குள் நுழைகிறார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைத் தூண்டிவிடுகிறார்.

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட காட்சிக்குக் குறைவில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து சபரிமலைக்கு நடந்தே செல்கிறவர்கள் தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் குமுளி ஏறுகிறார்கள். தேனியிலிருந்து குமுளி சுமார் 60 கிலோ மீட்டர். நேர்சாலையை விட்டுச் சற்றே விலகி, குச்சனூர் சுயம்பு சனீசுவரரைத் தரிசித்து வருகிறவர்களுக்குத்தான் மார்க்கையன்கோட்டை வழியில் படும். சின்னமனூருக்கு அருகே உள்ள சிறிய பேரூராட்சி. பெரிய கடைத்தெரு கிடையாது. நடக்கிறவனுக்குப் பெரிய கடைத்தெரு எதற்கு?

முதல் வேலை, இருமுடியை இறக்குவது. அதை வெறுந்தரையில் வைக்கக் கூடாது. துண்டை விரித்து, குருசாமி ஒவ்வொன்றாக வாங்கி வைக்கிறார். அதற்குப் பிறகே டீயும் இட்லியும்!

இருமுடி என்பதே நடைப்பயணத்துக்காக யோசித்துக் கட்டிய மூட்டைதான். முன்முடி ஐயப்பனுடையது, நெய்த்தேங்காயும் பூஜைச் சாமான்களும் அதில். பின்முடி நடக்கிறவனுடையது. வழியில் கடைகண்ணி இல்லாத காலத்தில், காட்டில் பொங்கித் தின்ன அரிசியும் பருப்பும் அதில்தான் போயின. இன்று பள்ளத்தாக்கு நெடுகிலும் ஊர்கள் இருப்பதால் பின்முடி மெலிந்துவிட்டது. மறு ஊர் வரைக்கும் போதுமானதை மட்டும் வாங்கு என்பது குருசாமியின் சட்டம். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், நாலு எலுமிச்சை, கொஞ்சம் உப்பு, தேங்காய் எண்ணெய், பஞ்சு, பிளாஸ்திரி. இதற்கிடையில் டீக்கடைச் சுவரில் செல்போன்கள் சார்ஜ் ஏறுகின்றன. புதிதாக மாலை போட்ட கன்னிச்சாமிக்கோ, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்க ஆசை. அரைக் கிலோ அதிகமானாலும் பிற்பகலில் கழுத்து பதில் சொல்லும்!

பஸ்ஸா, நடையா?

சாமான் வாங்குவது சுலபம். கால்தான் சங்கடம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்காவது பாதத்தில் கொப்புளம் உடைந்திருக்கும். அவர் அதை வெளியே சொல்லமாட்டார். வேண்டுதல் குறைப்பட்டுவிடும் என்ற பயம். அனுபவமுள்ள குருசாமி, டீ குடிக்கும்போதே எல்லோருடைய பாதங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார்.

"சாமி, காலு சொல்றதைக் கேளுங்க. பஸ் ஏறி உத்தமபாளையத்துல போய் இருங்க. ராத்திரிக்கு நாங்க வந்துர்றோம்."

கேட்பவர் முகம் சுண்டிப்போகும். ஆனால் குருசாமியின் கணக்கு வேறு. பள்ளத்தாக்கு நடை, தாயின் மடியில் நடப்பது போல. 1895-ல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் நீரால் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரு போகம் நெல் விளைகிறது. குளிக்க வாய்க்கால் உண்டு. உட்கார நிழல் உண்டு. அன்னதானப் பந்தலும் உண்டு. லோயர் கேம்பைத் தாண்டினால் மலை. வண்டிப்பெரியாற்றுக்கு அப்பால், சத்திரம் என்ற இடத்திலிருந்து புல்மேடு வழியாகச் சந்நிதானம் வரை சுமார் 12 கிலோ மீட்டர் காட்டுப் பாதை. நேரம் தவறி வருகிறவர்களை வனத்துறை உள்ளே விடாது. அங்கே கால் பின்னினால் ஏற்றிச் செல்லப் பஸ் ஏது?

இன்னொன்றும் அவர் மனத்தில் இருக்கும். 2011 ஜனவரி 14-ஆம் தேதி இரவு, மகரஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டம் புல்மேட்டில் நெரிந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இருட்டு, நெரிசல், களைத்த கால் இம்மூன்றும் ஒன்று சேரக் கூடாது என்பதில் அன்றிலிருந்து பழைய குருசாமிகள் கண்டிப்பாக இருக்கிறார்கள்.

வெயில் ஏறுகிறது. தார்ச்சாலை சுடத் தொடங்குமுன் சின்னமனூரைத் தாண்டிவிட வேண்டும். பைகளின் முதுகில் இரவில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. இருமுடிகள் ஒவ்வொன்றாகத் தலையேறுகின்றன. கொப்புளக்காரர் பஸ் நிறுத்தத்தில் தன் இருமுடியைத் தாங்கியபடி நின்று, போகிறவர்களைப் பார்க்கிறார்.

இரவு உத்தமபாளையத்தில் தங்கல். மறுநாள் கூடலூரில் மீண்டும் கடை. மலை ஏறுமுன் தமிழ்நாட்டில் கிடைக்கும் கடைசிப் பெரிய கடைத்தெரு அதுதான். அங்கே மட்டும் குருசாமியின் சட்டம் மாறும்: பின்முடி நிறைய வாங்கு!