இருசில்லு உழவு இயந்திரம் ஒரு பக்கம் இழுத்தல்: காரணமும் திருத்தமும்

இருசில்லு உழவு இயந்திரம் நேராகச் செல்லாது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போவது கமக்காரர் பலர் அறிந்த குறையாகும். வயலில் சாலோடு சால் பொருந்தாமற் போதலும், வீதியில் பெட்டி பூட்டிச் செல்லும்போது ஓட்டுபவர் ஒரு கையால் கிளச்சுப் பிடியை ஓயாது அமுக்கவேண்டி வருதலும் இதன் விளைவுகளாம். நாளடைவில் கை இதற்குப் பழகிவிடுகிறது. இயந்திரம் இடப்பக்கம் போனால் வலப்பிடியை அமுக்கவேண்டும் எனக் கை தானே கற்றுக்கொள்கிறது. குறையோ திருத்தப்படாமலே இருந்துவிடுகிறது. மட்டமான நிலத்தில் இப்பழக்கத்தால் பெருங்கேடு விளைவதில்லை. இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்தாகும். அதன் காரணம் பின்னர் விளக்கப்படும்.

எந்தக் கம்பனியார் செய்ததாயினும் இவ்வியந்திரத்தை 'லான்ட்மாஸ்டர்' என்றே அழைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. 1950களில் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன வடிவமைத்த இருசில்லு இயந்திரத்தின் பெயர் அது. இயந்திரங்கள் மாறியும் பெயர் நிலைத்துவிட்டது. இவ்வகை இயந்திரத்தில் திருப்புவதற்கு முன்சில்லு இல்லை. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு பக்கக் கிளச்சு உண்டு. இடப்பிடியை அமுக்கினால் இடச்சில்லு விசையிலிருந்து விடுபடும். வலச்சில்லு தொடர்ந்து தள்ளுவதால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இரு பிடிகளையும் விட்டிருக்கும்போது இரு சில்லுகளும் ஒரே அச்சில் இறுக்கியவை போன்று ஒரே வேகத்தில் சுழலும். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் குறையின் காரணத்தைக் கண்டுபிடித்தல் எளிது.

முதலில், இழுப்பது இயந்திரமா நிலமா என்பதை அறிதல் வேண்டும். மழைநீர் வடிவதற்காக வீதியின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. ஆகவே வீதியின் இட ஓரமாகச் செல்லும் இயந்திரம் சிறிது இடப்பக்கம் சரிதல் இயல்பே. வாகனங்கள் வராத மட்டமான இடமொன்றில், பெட்டியையும் கலப்பையையும் கழற்றிவிட்டு, தாழ்ந்த கியரில் இயந்திரத்தைச் செலுத்துக. பின்னர் அதே தடத்தில் எதிர்த்திசையாகத் திரும்பி வருக. போகும்போது இடப்பக்கமும் வரும்போது வலப்பக்கமும் சரிந்தால் குற்றம் நிலத்தினது. இரு முறையும் ஒரே கைப்பக்கம் சரிந்தால் குற்றம் இயந்திரத்தினது.

அடுத்துப் பார்க்கவேண்டியவை ரயர்கள். இரு சில்லுகளும் ஒரே வேகத்தில் சுழல்வதால், சுற்றளவு குறைந்த சில்லு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது பின்தங்கும். இயந்திரம் அப்பக்கமாக வளையும். இவ்வேறுபாடு எவ்வளவு சிறியதாயினும் பொருட்படுத்தத் தக்கதே. ஒரு ரயரின் சுற்றளவு 200 சென்ரிமீற்றர், மற்றையது 198 சென்ரிமீற்றர், சில்லுகளின் இடைத்தூரம் 70 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். ஓட்டுபவர் திருத்தாது விட்டால், 10 மீற்றர் செல்வதற்குள் இயந்திரம் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர் விலகிவிடும். ஒரு ரயர் புதியதும் மற்றையது தேய்ந்ததுமாக இருத்தல், அல்லது ஒன்றில் காற்றுக் குறைந்திருத்தல், இதற்குப் போதுமானது. காற்றைக் கண்ணால் மதிப்பிடுதலும் காலால் உதைத்துப் பார்த்தலும் பயனற்றவை. அளவுமானியால் அளந்து, இயந்திரக் கைநூலிற் கூறியவாறு இரண்டிலும் சமமாக நிரப்புதல் வேண்டும். அதன்பின் ஒவ்வொரு ரயரின் நடுவிலும் நூற்கயிற்றைச் சுற்றி அளந்து ஒப்பிடுக. ஐயம் தீராவிடின் இரு சில்லுகளையும் இடம் மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்கலாம். இழுப்பும் பக்கம் மாறினால் காரணம் ரயரே. இச்சோதனையின் பின் ரயரிலுள்ள அம்புக்குறி முன்னோக்கிச் சுழலுமாறு சில்லுகளைப் பழைய இடத்திலேயே பூட்ட மறத்தலாகாது. ரயரின் வரிகள் தலைகீழாயின் சேற்றிற் பிடிமானம் குறையும். அச்சின் நடுவிலிருந்து இரு சில்லுகளும் சம தூரத்தில் உள்ளனவா என்பதையும் இப்பொழுதே பார்த்துக்கொள்வது நன்று.

ரயரில் குற்றமில்லையெனின் பக்கக் கிளச்சுகளைக் கவனிக்க வேண்டும். ரயரால் உண்டாகும் இழுப்பு வெறுமையாக ஓடும்போதும் காணப்படும். கிளச்சினால் உண்டாவதோ பெரும்பாலும் சுமை ஏறும்போதே வெளிப்படும். சிலவேளைகளில் கியர்ப்பெட்டியில் 'கடக் கடக்' என்னும் ஒலியும் கேட்கும். பிடியை விட்டிருக்கும்போது அதில் சிறிது வெற்றசைவு இருத்தல் அவசியம். இழுகம்பி மிக இறுக்கமாயின் பிடியைத் தொடாதபோதும் கிளச்சு பாதி விடுபட்டே இருக்கும். அந்தப் பக்கத்துச் சில்லு முழு விசையையும் பெறாது. இயந்திரம் அப்பக்கம் இழுக்கும். மழையில் நனைந்து துருவேறிய கம்பியும், சேறு புகுந்து இறுகிய உறையும் இதே விளைவைத் தரும். கம்பியைக் கழற்றித் துப்புரவாக்கி எண்ணெயிட்டு, கைநூலில் உள்ள அளவுக்கு வெற்றசைவு வரும்வரை சுரையைத் திருப்பிச் சரிசெய்தல் கமக்காரர் தாமே செய்யத்தக்க வேலை. சரிசெய்த பின்னரும் சுமையில் வழுக்குமாயின் கிளச்சின் பற்கள் தேய்ந்திருக்கக்கூடும். அதற்குக் கியர்ப்பெட்டியைத் திறக்க வேண்டியிருப்பதால் அனுபவமுள்ள திருத்துநரிடம் ஒப்படைத்தலே முறை.

வீதியில் நேராக ஓடி வயலில் மட்டும் இழுக்கும் இயந்திரத்தில் கருவிகளைச் சோதிக்க வேண்டும். சுழல்கலப்பையின் கத்திகளில் இடப்பக்கம் வளைந்தவையும் வலப்பக்கம் வளைந்தவையும் உண்டு. தேய்ந்த கத்திகளை அவசரத்தில் மாற்றும்போது இவை இடம்மாறிப் பூட்டப்படுதல் அடிக்கடி நேர்வதாகும். அப்போது மண் ஒரு பக்கமாகத் தள்ளப்பட, இயந்திரம் மறுபக்கம் ஒதுங்கும். சேற்று இரும்புச் சில்லுகளில் ஒன்று கோணியோ பட்டைகள் தேய்ந்தோ இருப்பினும் இழுப்பு உண்டாகும்.

பெட்டி பூட்டியபோது மட்டும் இழுத்தால் பெட்டியின் ரயர்களையும், இழுதண்டு கோணியுள்ளதா என்பதையும், சுமை ஏற்றிய விதத்தையும் நோக்குக. வெங்காய மூடைகளை ஒரு பக்கம் அடுக்கி, இலேசான கத்தரிக்காய்ப் பெட்டிகளை மறுபக்கம் வைத்துவிட்டு இயந்திரத்தைக் குறைகூறுதல் தகாது. பிறேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பெட்டியின் இரு பக்கப் பிறேக்குகளும் சமமாகப் பிடிக்கவில்லை என்று அறியலாம்.

இனி இறக்கத்தைப் பற்றிக் கூறவேண்டும். குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் பாதையில், நெல் மூடைகள் ஏற்றிய பெட்டி இயந்திரத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது. அங்கே எஞ்சின் சில்லுகளை உருட்டுவதில்லை. அவற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அந்நிலையில் இடப்பிடியை அமுக்கினால் இடச்சில்லு அத்தடையிலிருந்து விடுபட்டு விரைந்தோடும், வலச்சில்லு பின்தங்கும், இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். மட்டமான நிலத்தில் நிகழ்வதற்கு இது நேர்மாறானது.

இடக்கிளச்சு சரியாகப் பற்றாத இயந்திரம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். காலை முழுவதும் அது இடப்பக்கமே இழுத்தது. ஓட்டுபவரும் வலப்பிடியை அமுக்கி அமுக்கிப் பழகிவிட்டார். இறக்கத்தில் அது திடீரென வலப்பக்கம் போகிறது. அதை இடப்பக்கம் திருப்பக் கருதி அவர் இடப்பிடியை அமுக்குகிறார். அரைகுறையாகப் பற்றியிருந்த கிளச்சும் முற்றாக விடுபட, இயந்திரம் முன்னிலும் வேகமாக வலப்பக்கம் பாய்கிறது. அவர் இன்னும் இறுக அமுக்குகிறார். கட்டின் ஓரமோ வாய்க்காலோ சில அடிகள் தூரத்திலேயே உள்ளது.

ஆதலால், சுமையுடன் இறங்கும்போது பக்கக் கிளச்சுகளைத் தொடாது, கைத்தண்டைத் தள்ளியே திருப்புதல் வேண்டும். இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியரை மாற்றிக்கொள்க. இடைவழியிற் பிரதான கிளச்சை விடுவித்தலும் கியரை வெறுமையாக்குதலும் கூடா. வேகத்தைப் பெட்டியின் பிறேக்கினால் அடக்குக. மூடைகளின்மேல் அமர்ந்து வருவோரை மேட்டிலேயே இறக்கிவிடுதல் வேண்டும். திருத்திய இயந்திரத்தை முதலில் பெட்டியின்றியும், பின்னர் வெறும் பெட்டியுடனும், அதன்பின் பாதிச் சுமையுடனும் மட்டமான நிலத்திலே ஓட்டிப் பார்க்குக. இம்மூன்றிலும் பிடிகளைத் தொடாமலே நேராகச் சென்ற பின்னரே அதனைக் குளக்கட்டுப் பாதைக்குக் கொண்டுசெல்லலாம்.