வீட்டின் மேனி – 9: மார்பிளைக் கெடுப்பது அழுக்கல்ல

போன வாரம் ஆத்தங்குடித் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த யாராவது கூடத்து மார்பிளிலும் எண்ணெய்த் துணியைப் போட்டுவிடுவதற்குள் இந்த வாரக் கட்டுரை வந்துசேர வேண்டுமே என்று ஒரு பதற்றம். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது. எண்ணெய் ஏற ஏற மெருகு கூடும். வெள்ளை மார்பிளிலோ அதே எண்ணெய் உள்ளே இறங்கி, நாளாவட்டத்தில் பழுப்பேறி, அங்கேயே குடியிருந்துவிடும்.

மார்பிள் பார்வைக்குத்தான் கெட்டி. சுண்ணாம்புக் கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி வந்தது அது. மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 3. பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து செருப்பில் ஒட்டி வரும் மணலின் குவார்ட்ஸுக்கு 7. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடும் நம் வழக்கம் மார்பிளுக்குச் செய்யும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. பெருக்காமல் துடைத்தால் அந்த உபகாரமும் வீண்; ஈரத்துணியில் சிக்கிய மணல் உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்யும்.

கீறலைவிடப் பெரிய எதிரி புளிப்பு. கால்சியம் கார்பனேட்டும் அமிலமும் சந்தித்தால் கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேறும், கல்லின் மேற்பரப்பு கரையும். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், மோர், தக்காளி, வினிகர், கோலா எல்லாமே இதில் ஒரே கட்சி. சிந்திய இடத்தைத் துடைத்த பிறகும் மங்கலாக ஒரு வட்டம் நிற்கிறதா? அதைக் கறை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். அது கறையல்ல, காயம். கறை என்றால் கல்லைவிட நிறம் கூடியிருக்கும். காயம் வெளிறி, பளபளப்பு போய், சாய்வாகப் பார்த்தால் தெரியும். கறையை உறிஞ்சி எடுக்கலாம். காயத்தை மறுபடி பாலிஷ் போட்டுத்தான் சரிசெய்ய முடியும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால் வீணாகும் உழைப்புக்கு அளவே இல்லை.

நம் சுத்தம் செய்யும் முறைகளில் பாதி, மார்பிள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே உருவானவை. சிமெண்ட் தரைக்கும் மொசைக்குக்கும் விடாப்பிடியான அழுக்கென்றால் ஆசிட் ஊற்றுவது வழக்கமாக இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட்டும் எலுமிச்சையைப் பொருட்படுத்தாது. அதே கைப்பழக்கத்தில் மார்பிள் குளியலறைக்கும் டாய்லெட் திரவத்தைப் பீய்ச்சுகிறோம். அதில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; சில நிமிடங்களில் தரை சொரசொரத்துவிடும். (அந்தத் திரவத்தோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கும் வீடுகளும் உண்டு. கிளம்பும் குளோரின் வாயு மூச்சையே அடைக்கும். மார்பிள் இல்லாத வீட்டிலும் அதைச் செய்யக் கூடாது.)

பூஜையறை தனிக் கதை. குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, ஈரம் சொட்டச் சொட்ட மார்பிள் மேடையில் வைக்கிறோம். புளி கல்லை அரிக்கும், பித்தளையில் கரைந்த தாமிரம் பச்சை வளையம் போடும், மாலையில் ஊற்றும் நல்லெண்ணெய் அந்த வளையத்துக்குள் இறங்கும். ஆயுத பூஜையன்று அலுவலக வாசலில் எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவி வைப்பது இதைவிட மோசம். சாறு மெருகைத் தின்று வழிவிட, சாயம் பின்னாலேயே நுழைகிறது. சாமியை யாரும் மாற்றச் சொல்லவில்லை. அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு போதும்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: வந்த ஈரம் போவதில்லை. காற்று 32 டிகிரியும் ஈரப்பதம் 75 சதவீதமும் இருக்கும் ஒரு நாளில், 27 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் படியும். இரவெல்லாம் ஏசி ஓடிய அறையின் தரை அதைவிடக் குளிர்ந்திருக்கும். காலையில் ஜன்னலைத் திறந்ததும் தரை வியர்ப்பது அதனால்தான். மழைக்காலத்தில் அதைக் கண்டு கீழிருந்து தண்ணீர் ஊறுகிறதோ என்று பயப்படுகிறவர்கள், அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி மறுநாள் பார்க்கலாம். தாளின் மேல்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். அடிப்பக்கம் நனைந்தால் தரையின் ஈரம்.

தரையின் ஈரம்தான் ஆபத்தானது. அது உப்பைச் சுமந்துகொண்டு மேலேறும், மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பை விட்டுவிட்டுப் போகும். சுவரோரத்தில் வெள்ளையாகப் பூக்கும் மாவு அதுதான். உப்பு கல்லுக்குள்ளேயே படிகமானால் மேல்தோல் உதிரத் தொடங்கும். வெள்ளை மார்பிள் சிலவற்றில் இயல்பாகவே இரும்பு கலந்திருக்கும். தொடர்ந்து ஈரத்தில் நின்றால் அது துருப்பிடித்து, கல்லே உள்ளிருந்து மஞ்சளாகும். அதைத் துடைப்பால் போக்க முடியாது. எனவே ஈரமான தரையில் ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடியை மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் சிக்குவது போதாதென்று ரப்பரும் தன் பங்குக்குக் கறை விடும். கேஸ் சிலிண்டரின் துரு வளையமும் பீரோக் கால்களின் துருவும் இதே ஈரத்தின் கைவரிசை. சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தட்டும், பீரோவுக்கு அடிக்கட்டையும் அவசியம்.

துடைக்கும் தண்ணீரும் கவனிக்க வேண்டியது. குடிநீருக்கான ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் நீரை வீணாக்காமல் தரை துடைக்கப் பயன்படுத்துவது நல்லெண்ணம்தான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் சேர்ந்திருக்கிறது. அதைக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள், மார்பிளுக்கு வேண்டாம். உப்பு குறைந்த நீரில் அமிலமோ காரமோ இல்லாத திரவ சோப்பு சில துளிகள், பிறகு வெறும் நீர், பிறகு உலர்ந்த துணி. கடைசித் துணியை விட்டுவிட்டு ஃபேனைப் போட்டுக்கொள்ளலாம் என்பது மதுரையின் மே மாதத்துக்குச் சரி. சென்னையின் நவம்பருக்குச் சரிப்படாது.

இனி கறைக்கு வருவோம். தாஜ்மகாலில் தொல்லியல் துறை 1994 முதல் சில தடவை கையாண்ட முறை மண்பூச்சு. முல்தானி மிட்டியைக் குழைத்து மார்பிள் மேல் அப்பி, காயவிட்டு, கழுவி எடுப்பார்கள். காயும்போது களிமண் அழுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வீட்டில் மண்ணுக்குப் பதில் டால்கம் பவுடர் அல்லது வெள்ளை டிஷ்யூ தாள் போதும். காபி, மஞ்சள் கறைக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைக்க வேண்டும். எண்ணெய்க் கறைக்கு அசிட்டோனில், ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு. அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு தாளை எடுத்துவிட வேண்டும். கறை ஏறுவது பசை காயும்போதுதான். தாளை எடுக்க மறந்தாலும், காய்வதற்குள் சுரண்டினாலும் பலனில்லை. கடலோரத்தில் காய்வதற்கு இன்னொரு நாள் கூடப் பிடிக்கும். கருநிற மார்பிளில் பெராக்சைடு வேண்டாம், நிறத்தை வெளுத்துவிடும். மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்ததும் அது சிவந்தால் மிரள வேண்டியதில்லை. காரம் பட்டால் மஞ்சளின் சாயம் சிவக்கும். வெயில் விழும் இடமென்றால் சும்மா விடுங்கள், அந்தச் சாயம் வெயிலில் தானே வெளுக்கும்.

கடைக்காரர்கள் சொல்லும் சீலர் பற்றி இரண்டு விஷயம். கல்லுக்குள் இறங்கி நிற்கும் வகையை மட்டும் கேளுங்கள். மேலே படலமாக உட்காரும் வகை கீழிருந்து வரும் ஈரத்தைச் சிறைவைத்து, நம் ஊரில் கொப்புளித்து உரியும். இரண்டாவது, எந்த இறங்கும் சீலரும் கறை படிவதைத் தாமதப்படுத்துமே தவிர எலுமிச்சைக் காயத்தைத் தடுக்காது. சீலர் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் மறுபடி அடிக்கும் நேரம் வந்துவிட்டது.

பாலிஷ் போட வருகிறவர்கள் கடைசிச் சுற்றில் வெள்ளைப் பொடி ஒன்றைத் தூவுவார்கள். ஆக்சாலிக் அமிலம். அமிலமே ஆகாது என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதற்கு என்ன சொல்வது? இந்த அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத கால்சியம் ஆக்சலேட்டாகிறது. அந்த மெல்லிய படிவு பளபளப்புக்கு உதவுகிறது. அளவும் நேரமும் தெரிந்த கையில் அது மருந்து. நாமே வாங்கி வந்து வாளியில் கரைத்து ஊற்றினால் மறுபடி அதே காயம். வைரத் துகள் பதித்த பட்டைகளை ஒவ்வொரு நம்பராக ஏற்றி நிதானமாகத் தேய்ப்பவர் கிடைத்தால் கூலி கூடினாலும் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். அவரை மழை முடிந்த பிறகு, பிப்ரவரி வாக்கில் கூப்பிடுங்கள். தேய்த்த தரை நன்றாக உலர்ந்த பிறகுதான் சீலர் அடிக்க வேண்டும்; ஐப்பசி கார்த்திகையில் அதற்குக் காத்திருந்து மாளாது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு என் யோசனை: கூடத்துக்கு மார்பிள், சமையல் மேடைக்கு கிரானைட். ரசம் வைக்கும் வீட்டில் வெள்ளை மார்பிள் மேடை என்பது தெரிந்தே தேடிக்கொள்ளும் வம்பு.

(அடுத்த வாரம்: மொசைக்)