அஞ்சலட்டையும் அல்லகுறியும்: சேலம், நாமக்கல் வட்டாரக் காதல் மடல்களை வாசிக்கும் முறை

காதல் மடல்களில் மறைகுறி என்றவுடன் ஐரோப்பிய 'அஞ்சல்தலை மொழி'யே பலர் நினைவுக்கும் வரும். அஞ்சல்தலையைச் சாய்த்தோ தலைகீழாகவோ ஒட்டிக் கருத்துணர்த்தும் அம்முறைக்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்க அட்டைகளே அங்கு அச்சிடப்பட்டன. ஓர் அட்டையின் விளக்கம் மற்றோர் அட்டையோடு ஒத்துப்போவதில்லை. இதனை நம் ஊர் அட்டைகளுக்கு அப்படியே பொருத்துவது பொருந்தாது. 1879 ஜூலையில் காலணா விலையில் வெளிவந்த இந்திய அஞ்சலட்டையில் அஞ்சல்தலை அச்சிடப்பட்டே இருந்தது. சாய்த்து ஒட்ட இடமில்லை. உறைகளுக்கும் பட அட்டைகளுக்கும் மட்டுமே அது இயலும்.

எனவே அஞ்சலட்டையில் மறைப்பு எழுத்துக்குள்ளேயே நிகழவேண்டும். அட்டை திறந்த மடல். அஞ்சல்காரரும், எழுத்தறியாதார் வீட்டில் அதைப் படித்துக்காட்டும் அண்டைவீட்டாரும், தமையனும் முதலில் காண்பர். சாதியும் உறவுமுறையுமே மணத்தை முடிவுசெய்த ஊர்களில் இம்மறைப்பு விளையாட்டன்று. அகப்பட்டால் பெண்ணின் படிப்பும் நடமாட்டமும் முதலில் நிற்கும்.

சேலம், நாமக்கல் பகுதிக்குக் குறிமொழி புதிதுமன்று. மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் விரல்பற்றி விலைபேசுவர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை நன்னூல் உரைகள் குழூஉக்குறிக்குச் சான்றாகக் காட்டும். தமிழ் நெடுங்கணக்கே எளிய மறைகுறிக்கு ஏற்றது: மெய்யின் வரிசையெண்ணையும் உயிரின் வரிசையெண்ணையும் இணைத்தால் 'நாளை' என்பது 8-2, 16-9 ஆகும், 'வா' என்பது 14-2. நெசவுக் கூலியோ மஞ்சள் எடையோ எழுதிய அட்டையில் இவ்வெண்கள் கணக்காகவே தோன்றும். ஒவ்வோர் எழுத்தின் முன்னும் 'க' சேர்க்கும் சிறார் மொழி செவிக்கு மறைவு தரும். தாளிலோ அடுத்தடுத்து வரும் ககரமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆய்வாளருக்குரிய உண்மையான இடர்ப்பாடு வேறு. களவொழுக்கத்தில் தலைவன் செய்யும் குறி, அவன் செய்யாமலே இயற்கையாக நிகழ்ந்து தலைவியை மயக்குவதை இலக்கணிகள் 'அல்லகுறி' என்றனர். நீரில் காய் விழுந்த ஓசையைக் கேட்டு அவள் வந்து வறிதே மீள்வாள். கோணலாக ஒட்டிய அஞ்சல்தலையும் அத்தகையதே. அவசரத்தில் ஒட்டிய கையின் விளைவாகவும் அது இருக்கலாம். ஓர் உறையை மட்டும் கொண்டு குறி, அல்லகுறி என வேறுபடுத்த இயலாது. ஒருவரே ஒருவருக்கு எழுதிய தொடர் முழுவதும் இருந்து, அதே கோணல் மீண்டும் மீண்டும் வருமாயின் அது குறியாதற்கு வாய்ப்பு மிகும்.

இங்குதான் சேகரிப்பு முறை ஆய்வைக் கெடுக்கிறது. அஞ்சல்தலை சேகரிப்போர் உறையை நீரில் ஊறவைத்துத் தலையைப் பிரித்தெடுப்பர். சாய்வும், தலையின் அடியில் நுண்ணெழுத்தில் எழுதியிருந்தால் அதுவும் அத்துடன் அழியும். குடும்பத்தார் மடலை வைத்து உறையை எறிவர். உறை, மடல், முகவரிப் பக்கம் ஆகிய மூன்றையும் பிரிக்காமல் படியெடுத்தல் வேண்டும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். அதற்கு முந்தைய அட்டைகளில் 'சேலம் ஜில்லா' என்றிருப்பதுகொண்டு அவற்றைச் சேலம் நகருக்குரியனவாகப் பதிதலும் ஆகாது. அஞ்சல் முத்திரையில் உள்ள ஊர்ப்பெயரையே கொள்ளுதல் தகும்.